ஓலை முதல் ரெஜிஸ்டர் வரை

நெல்லைச் சீமையில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணம் நிச்சயமானதும் முதலில் ஓடுவது மண்டபத்துக்கு. அப்புறம் சமையல், போட்டோ, சேலை எடுக்க ஒரு நாள், நகை எடுக்க இன்னொரு நாள். குருவானவரைப் பார்க்கப் போவது, அச்சாகி வந்த பத்திரிகையில் முதல் பிரதியை அவர் கையில் கொடுப்பதற்கு. திருமணத்தைப் பற்றித் திருச்சபை எதை விசுவாசிக்கிறது என்பது பிரசங்கத்தில் இருப்பதைவிட அதன் நடைமுறையில்தான் கூடுதலாக இருக்கிறது. ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு), தனிப்பட்ட கேள்வி, உடன்படிக்கை, சாட்சிகள், ரெஜிஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேதக் காரணம் உண்டு. அந்தக் காரணம் மறந்துபோன இடங்களில்தான் பின்னால் குடும்பச் சிக்கல் முளைக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கத்தை நடுவில் வைத்து எழுதுகிறேன். கத்தோலிக்க வழக்கு வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேதி. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த வருடத்துச் சாம்பல் புதன் எப்போது என்று பாருங்கள். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் மாறி மாறி வரும். அதற்கு 46 நாள் முன்னால் சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரையிலான லெந்து என்னும் தபசு நாட்களில் ஆலயத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதே பொதுவான ஒழுங்கு. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசிவைத்துவிட்டு, மண்டபம் கிடைக்காமல் மாசிக்குத் தள்ளுகிறவர்கள் நேரே லெந்துக்குள் போய் விழுகிறார்கள். ஆடி மாதத்துக்குத் திருச்சபையில் எந்தத் தடையும் கிடையாது. மண்டபங்களும் அப்போது காலியாகக் கிடக்கும். ஆனாலும் நம்மவர்கள் ஆடியில் வைப்பதில்லை. பத்திரிகையில் நேரம் போடும்போது ராகுகாலம் பார்த்துப் போடுகிறவர்களும் உண்டு. கேட்டால், “ஊர்ல ஏதாவது சொல்லுவாவ” என்பார்கள். சட்டத்தின் கணக்கு இதைவிட எளிது: 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் திருமணம் நடக்க வேண்டும். மாலைக் கல்யாணம் வைப்பவர்கள் 6 மணி என்று அச்சடித்துவிட்டு, பெண் அலங்காரம் முடிந்து வரும்போது ஏழரை ஆகிவிடுகிறது. விசேஷ அனுமதி இருந்தாலொழிய அது பிசகு. மாலை என்றால் 4 மணி என்று போடுங்கள்.

ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்பட வேண்டும். மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரும், பெற்றோர் பெயரும், ஊரும் சபையும் சொல்லி, இவர்கள் சேரத் தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று சபையாரைக் கேட்பதுதான் ஓலை. இருவரும் வேறு வேறு சபை என்றால் இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். கல்யாணம் நடக்காத சபையிலிருந்து, ஓலை வாசித்தாயிற்று, தடை வரவில்லை என்று குருவானவர் கையெழுத்திட்ட சான்று வந்து சேர வேண்டும். மூன்று ஞாயிறு என்பதால் மூன்று வாரம் போதும் என்று கணக்குப் போடக்கூடாது. கிராமச் சபைகள் பலவற்றை ஒரு சேகரகுரு பார்க்கிறார். அவரிடம் விவரம் போய்ச் சேர, ஞானஸ்நானச் சான்று தேடி எடுக்க, சென்னையிலோ துபாயிலோ உள்ள சபையிலிருந்து கடிதம் வரவழைக்க எல்லாம் நாள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் கடைசி வாரத்தில் யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

பெயர்தான் அதிகம் சொதப்பும் இடம். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. வீட்டில் கூப்பிடும் பெயரைக் குருவானவரிடம் வாய்வழியாகச் சொல்லிவிட்டு வந்தால், அதுவே ஓலையிலும் பிறகு ரெஜிஸ்டரிலும் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து பாஸ்போர்ட்டில் துணையின் பெயரைச் சேர்க்கப் போகும்போது அழுகை. மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி, இனிஷியலின் விரிவோடு, ஒரு தாளில் தட்டச்சு செய்து கொடுங்கள். கூடவே ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) சான்று, வயதுச் சான்று. மறுமணம் என்றால் முந்தைய துணையின் இறப்புச் சான்றோ நீதிமன்றத் தீர்ப்பு நகலோ வேண்டும். அதிலும் விவாகரத்தானவர்களுக்கு ஆலயத்தில் மறுமணம் செய்துவைப்பது திருமண்டலத்தின், அதாவது பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின் அமைப்பின், அனுமதியைப் பொறுத்தது, கத்தோலிக்கத்தில் முந்தைய திருமணம் செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொன்னாலொழிய முடியாது. ஆகவே இப்படிப்பட்ட நிலையில் மண்டபத்துக்கு முன்னால் பேராயர் அலுவலகத்துக்குப் போங்கள்.

தடை என்றால் எது? ஏற்கெனவே உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ, வயது போதாமை, அதாவது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18, விலக்கப்பட்ட உறவு, மனப்பூர்வமான சம்மதம் இல்லாமை. இவ்வளவுதான். உறவு விஷயத்தில் நம் பக்கத்து வழக்கமும் திருச்சபை ஒழுங்கும் முட்டிக்கொள்ளும். அத்தை மகன், மாமன் மகள் கட்டுவதை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) உறவுமுறைப் பட்டியல் தடுக்கவில்லை. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதைத் தடுக்கிறது. கத்தோலிக்கத்தில் அத்தை மாமன் பிள்ளைகளுக்கே ஆயரின் விலக்கு அனுமதி தேவை. “எங்க குடும்பத்துல காலங்காலமா நடக்கிறதுதான்” என்பது இங்கே பதில் ஆகாது. அரசுச் சட்டமும், ஒருவருடைய தனிச்சட்டம் தடுக்கும் திருமணத்தை 1872-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியாக்காது என்று அதன் 88-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது.

தடைகளின் பட்டியலில் சாதி இல்லை. எந்த ஜெபப் புத்தகத்திலும், எந்தச் சபைச் சட்டத்திலும் இல்லை. ஆனால் நம்மூரில் வரன் பார்க்கும்போது முதல் வடிகட்டியே அதுதான், சபை என்ன, விசுவாசம் என்ன என்பதெல்லாம் அதற்குப் பின்னால். இதற்கு வசனம் வேறு கையில் வைத்திருக்கிறார்கள்: அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருங்கள் என்ற 2 கொரிந்தியர் 6:14. அந்த வசனம் முழுதாக வாசித்தால் அவிசுவாசிகளைப் பற்றியது. ஒரே அப்பத்தில் பங்கு பெறும் இன்னொரு விசுவாசியின் பிள்ளையை ‘அந்நிய நுகம்’ என்று சொல்ல அதில் இடமே இல்லை. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐயும் கூட வைத்துப் படிக்கிறவருக்கு இன்னும் இல்லை. சாதி பார்த்துத்தான் முடிப்போம் என்கிறவர்கள் அதை வேதத்தின் மேல் போடாமல் தங்கள் மேலேயே போட்டுக்கொள்ளட்டும்.

உண்மையிலேயே மதம் வேறான இருவர் என்றால் விஷயம் வேறு. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அவசர ஞானஸ்நானம் கொடுத்து, அதே வாரம் ஓலையில் ஏற்றுவது இரண்டு காரியத்தையும் கெடுக்கிறது. ஞானஸ்நானம் விசுவாச அறிக்கையின் மேல் நிற்பது. கல்யாண அனுமதிச் சீட்டாக அதை வாங்கியவர் பிறகு ஆலயப் பக்கமே வராமல் போனால் குறை அவரிடம் மட்டும் இல்லை. உபதேசம் பெற்று, யோசித்து முடிவெடுக்க மாதக்கணக்கில் நேரம் கொடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது: சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் முடிந்தபின் பதிவு. பொய்யான அறிக்கையைவிட நேர்மையான பதிவு மேல் என்பது என் கருத்து. பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்த குளோரிந்தா ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார்; அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல்தான் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேடும், 1785-இல் எழும்பிய ஆலயமும் குளோரிந்தாவிலிருந்து தொடங்குகின்றன. அந்த மறுப்பு சரிதானா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் ஞானஸ்நானமும் திருமணமும் ஒன்றுக்கு ஒன்று சாக்காகக் கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது.

சம்மதம் பற்றி. திருமணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சம்மதம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது, வேறு எந்த மனித அதிகாரமும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாக நிற்க முடியாது என்று. ஆங்கிலிக்கன் ஒழுங்கிலும் ஆராதனையின் முதுகெலும்பு அந்தக் கேள்வியும் பதிலும்தான். அப்படியானால் ஆலயத்தில் “ஆம்” என்று சொல்வதற்கு முன்பே, யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு தடவை கேட்டாக வேண்டும். குருவானவர் பெண்ணிடம் அரைமணி, மாப்பிள்ளையிடம் அரைமணி, தனித்தனியாக உட்கார்ந்து பேசுவது குறைந்தபட்சம். இரண்டு அப்பாமாரும் எதிரே உட்கார்ந்திருக்க, “சம்மதந்தானம்மா?” என்று கேட்டால் எந்தப் பெண் என்ன சொல்லிவிட முடியும்? கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகள்தான். வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறீர்களா? கடன் எவ்வளவு, யார் பெயரில்? சொன்ன வேலையும் சம்பளமும் உண்மையா? தொடர்ந்து மருந்து சாப்பிடும் நோய் உண்டா? கல்யாணம் முடிந்து எங்கே குடியிருப்பது, எந்தச் சபைக்குப் போவது? பெண் வேலையை விட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்து பத்து நாள் லீவில் வருகிறார் என்றால் வீடியோ அழைப்பில் பேசலாம், ஆனால் அவர் அறையில் நண்பர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஆராதனையில் கோளாறு வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: உடன்படிக்கை யார் காதிலும் விழுவதில்லை. குருவானவர் மைக்கில் சொல்கிறார், மாப்பிள்ளை வாய்க்குள் முணுமுணுக்கிறார், பெண்ணின் குரலே வருவதில்லை, மூன்று கேமராக்காரர்கள் முன்னால் நின்று சபையை மறைக்கிறார்கள். வாழ்விலும் தாழ்விலும், வறுமையிலும் நிறைவிலும், நோயிலும் சுகத்திலும், மரணம் பிரிக்கும்வரை என்று இருவரும் சபை கேட்கச் சொல்வதுதான் திருமணம். மல்கியா 2:14 மனைவியை உடன்படிக்கையின் மனைவி என்று சொல்வது இதைத்தான். தாலியும் மோதிரமும் அந்த வார்த்தைக்கு அடையாளங்கள்; வார்த்தை இல்லாவிட்டால் அவை வெறும் தங்கம். முந்தின நாள் சாயந்தரம் ஆலயத்தில் ஒத்திகை வையுங்கள், முக்கால் மணி நேரம் போதும். உடன்படிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இருவர் கையிலும் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்கும் மைக் ஒன்றைத் தனியாக வைத்து, அதை நீட்டுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். போட்டோக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்: பலிபீடக் கம்பிக்கு உள்ளே வரக்கூடாது, தாலி கட்டுவதை மறுபடி ‘ஒருக்கா’ செய்யச் சொல்லக் கூடாது. கோடையில் விரல் வீங்கும். மோதிரம் அரை அளவு தளர்வாகவே இருக்கட்டும். தாலி செயினில் கோத்திருந்தால் கொக்கியை முன்னாலேயே நாலு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், புதுக் கொக்கி அந்த நேரத்தில்தான் மக்கர் பண்ணும்.

விருந்தாளிகள் நேரே மண்டபத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடும் வழக்கம் இப்போது கூடிவிட்டது. ஆலயத்தில் இருபது பேர், மண்டபத்தில் எண்ணூறு பேர். உடன்படிக்கைக்குச் சாட்சி சபைதான். சட்டம் கேட்பது இரண்டு சாட்சி என்றாலும் திருச்சபை ஊரையே கூட்டிக் கேட்கிறது. பத்திரிகையில் ஆராதனை நேரத்தைப் பெரிதாகவும் விருந்து நேரத்தை ஆராதனைக்கு ஒன்றரை மணி பிந்தியும் போட்டு, சமையல்காரரிடம் அதற்கு முன்னால் இலை போடக் கூடாது என்று சொல்லிவிட்டால் பாதி சரியாகும். மீதிப் பாதி ஊர்க்காரர்கள் கையில்.

வாசிக்கும் பகுதி பெரும்பாலும் எபேசியர் 5. மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்ற 22-ஆம் வசனத்தில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஒரு வசனம் முந்தித் தொடங்கச் சொல்லுங்கள். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்பது 21. கணவனுக்கு வைக்கப்பட்ட அளவோ, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல. அந்த அளவுக்குப் பக்கத்தில் நிற்கிற கணவன் அதிகாரம் பேச வாயைத் திறக்கமாட்டான். ஆதியாகமம் 2:24-ஐயும் கவனியுங்கள்: தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பது புருஷனுக்குச் சொல்லப்பட்டது. நம் பக்கத்தில் விட்டுவிட்டு வருவது பெண் மட்டும். விடுவது என்றால் பெற்றோரைக் கைவிடுவது அல்ல, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற ஐந்தாம் கற்பனை அங்கேயேதான் இருக்கிறது. சம்பளம் யார் கைக்குப் போகிறது, வீட்டுச் சாவி யாரிடம், பிள்ளை எப்போது என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விகளில் ‘விட்டு’ என்ற வசனம் என்ன சொல்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இனி சீதனம். “நாங்க ஒண்ணும் கேக்கல, ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யதச் செய்யுங்க.” இந்த வாக்கியத்துக்கு இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம், ஒரு வண்டி என்று அர்த்தம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை ஐந்து வருடத்துக்குக் குறையாத சிறை, அபராதம் குறைந்தது 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, எது அதிகமோ அது. வேத அடிப்படையில் இதைவிட நேராகச் சொல்லலாம். கிருபையினால் இலவசமாய் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற வீடு, மகனுக்கு விலை வைப்பது அந்த அறிக்கைக்கு எதிர்ச்சாட்சி. பேச்சு ஆலயத்தில் நடக்காததால் அதைத் திருச்சபைக் காரியம் இல்லை என்று நினைக்கிறோம்.

மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அதற்கு 1985-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. பெண்ணுக்கு வந்தவை ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தவை தனிப் பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் சிறு விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினர் என்றால் உறவுமுறை. இரண்டிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடம். நகைக்குக் கடை ரசீதின் நகலையும் சேர்த்து வையுங்கள். பவுன் கணக்கு மட்டும் எழுதினால் எந்த நகை என்று பின்னால் தெரியாது. இந்தப் பட்டியலை எழுதச் சொன்னால் “நம்பிக்கை இல்லையா” என்று கோபப்படுவார்கள். சுருள் (மொய்ப்பணம்) வைத்தவர் பெயரையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதுகிற ஊரில் இந்தக் கோபம் வேடிக்கையானது.

சீதனத்தின் நிஜமான விலையைப் பிறகு கொடுப்பது பெண்தான், பங்கு பிரிக்கும்போது. “ஒனக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சே” என்று அண்ணன்மார் சொல்ல, அவளும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. மகன் மகள் வித்தியாசம் கிடையாது. 49-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: தகப்பன் தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கு கணக்கிடும்போது கழிக்கக் கூடாது. ஆக, சீதனம் கொடுத்ததால் பங்கு தீர்ந்தது என்பது சட்டத்தில் நிற்காத பேச்சு. திருவிதாங்கூர் பக்கம் பெண்ணுக்கு மிகக் குறைவாகவே கொடுத்த 1916-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பொருந்தாது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு காலத்தில் அந்தச் சமஸ்தானத்தில் இருந்து, 1956-இல் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்த செங்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பழைய கணக்கை இன்னும் பேசினால் இதைக் காட்டலாம். வேதத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயிடம் நியாயம் கேட்டு வந்து நிற்கிறார்கள். கர்த்தர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார் (எண்ணாகமம் 27). மனைவி கணவனோடுகூடக் கிருபையைச் சுதந்தரிப்பவள் என்று 1 பேதுரு 3:7 சொல்வதை ஏற்கிற வீட்டுக்கு, இரண்டு ஏக்கர் வாழைத் தோட்டத்தில் மகளுக்குப் பங்கு என்பது பெரிய கணக்கா? விடுதலைப் பத்திரம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பெண்ணுக்கு அதன் மதிப்பைச் சொல்லி, அவளுக்கென்று ஒரு வக்கீலை வைத்து, பணம் கைக்கு வந்தபின் பதிவு செய்யட்டும்.

திருமணத்தை நடத்துகிறவருக்கு அதிகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கக் குருமாருக்கு அவர்கள் அபிஷேகத்தினாலேயே சட்டத்தில் அந்த அதிகாரம் இருக்கிறது. தனிச்சபைப் போதகர் என்றால் அரசு கொடுத்த உரிமம் வேண்டும். இல்லாமல் நடத்தினால் அவருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு. உங்களுக்கோ சான்றிதழ் எங்கும் செல்லாது. போதகரிடம் உரிமத்தைக் கேட்பது அவமரியாதை இல்லை, நல்ல போதகர் தாமே எடுத்துக் காட்டுவார்.

ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள், வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். உட்கார்ந்து பெயர், வயது, தகப்பனார் பெயர், தேதி நான்கையும் வாசித்தபின் கையெழுத்திடுங்கள். அந்த நேரத்தில் பிழை கண்டால் குருவானவரே திருத்திச் சுருக்கொப்பம் இடுவார். பின்னால் என்றால் அலைச்சல். சாட்சிகள் இருவரும் முகவரியோடு கிடைக்கக்கூடியவர்களாக இருக்கட்டும். இதோடு முடிந்தது என்று விடாமல், 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்தின் 90 நாள் கெடுவுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டு முடித்துவிடுங்கள். மாப்பிள்ளை வெளிநாடு திரும்புமுன் செய்வதுதான் சுலபம்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒன்று. கிறிஸ்தவர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் ஆனதும் சட்டப்படி ரத்தாகிவிடும் (வாரிசுரிமைச் சட்டம், 69-ஆம் பிரிவு). உயில் இல்லாமல், பிள்ளையும் இல்லாமல் கணவன் இறந்தால் மனைவிக்குப் பாதி. மீதிப் பாதி அவருடைய தகப்பனாருக்கு. தகப்பனார் உயிரோடு இருந்தால் தாய்க்கு ஒன்றும் இல்லை. ஆகவே தாய்க்கு ஏதாவது சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் கல்யாணம் முடிந்தபின் புதிதாக உயில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ உயிலில் ஏதும் எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது. ஆகவே சொத்து பெறப்போகும் தம்பியையும் தம்பி மனைவியையும் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம், சபையில் வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.